நஷ்டஈடு வாங்கினால் தொகுப்பு வீடு கிடைக்காதா?



விபத்து நடந்த குடும்பம் இல்லாத ஊர் நம்ம பக்கத்தில் இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு விடியற்காலையில் வேனில் போகிற பிள்ளைகள், வந்தவாசி ரோட்டில் டி.வி.எஸ். 50-ல் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்கள், ஜல்லி லாரி ஓடுகிற ரோட்டோரமாகவே வேலைக்கு நடந்து போகிற பெண்கள் என்று தினம் தினம் ரோட்டை நம்பித்தான் நம் பிழைப்பு. விபத்து நடந்தால் கேஸ் போடுகிறோம். மூணு நாலு வருஷம் அலைந்த பிறகு நஷ்டஈடு வருது.

பணம் வந்த கையோடு ஊரில் ஒரு பேச்சும் கிளம்புது. "அவளுக்கு என்ன, லட்சக்கணக்குல காசு வந்துச்சு. அவளுக்கு எதுக்குக் கவர்மெண்டு வீடு?" என்கிறார்கள். இந்தப் பேச்சுக்குப் பயந்து சில பெண்கள் வீட்டுக்கு மனுவே கொடுப்பதில்லை. சிலர் வந்த பணத்தைத் தம்பி பேரில், மச்சினன் பேரில் போட்டு வைத்து, கடைசியில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று நிற்கிறார்கள். இன்னும் சிலர், வீடு போய்விடுமோ என்று கேஸ் போடாமலே விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பயம் தேவையா? சட்டமும் திட்டமும் உண்மையில் என்ன சொல்லுது என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

நஷ்டஈடு என்பது வருமானம் இல்லை

முதலில் இதை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நஷ்டஈடு லாட்டரிச் சீட்டில் விழுந்த பரிசு இல்லை. இழந்த ஒன்றுக்கு ஈடாகக் கொடுப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயது அக்கா ஒருவர், மாதம் 9,000 ரூபாய் சம்பாதித்தவர். விபத்தில் கால் ஒடிந்து, வேலை செய்யும் திறன் 30 சதவீதம் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் எப்படிக் கணக்குப் போடும்?

மாதம் 9,000 என்றால் வருஷத்துக்கு 1,08,000. 40 வயதுக்குள் இருப்பவர் என்பதால், பின்னாளில் கூலி உயரும் என்று அதோடு 40 சதவீதம் சேர்ப்பார்கள். 1,51,200 ஆச்சு. 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு 15-ஆல் பெருக்க வேண்டும் என்று 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கு. பெருக்கினால் 22,68,000. அதில் 30 சதவீதம் 6,80,400 ரூபாய். வைத்தியச் செலவு, வலி வேதனைக்கு உள்ள தொகை எல்லாம் இதற்கு மேல் தனி.

இப்போது இன்னொரு பக்கம் பாருங்க. அந்த அக்காவுக்கு மாதம் குறைந்தது 2,700 ரூபாய். 60 வயது வரை 22 வருஷத்துக்குக் கணக்குப் பார்த்தால் 7,12,800 ரூபாய். கூலி ஒரு ரூபாய்கூட ஏறாது என்று வைத்தாலே இவ்வளவு. ஆக, கோர்ட் கொடுத்தது அவர் உழைத்துச் சம்பாதித்திருக்க வேண்டிய காசுதான். 22 வருஷக் கஞ்சியை ஒரே நாளில் ஊற்றிக் கொடுத்த மாதிரி. அதைப் பார்த்து "பணக்காரி ஆயிட்டா" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

அந்தப் பணமும் பெரும்பாலும் கைக்கு முழுசாக வருவதில்லை. 1993-ல் சூசம்மா தாமஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறைப்படி, மைனர் பிள்ளைகளின் பங்கையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் பங்கில் ஒரு பகுதியையும் வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போடச் சொல்வது கோர்ட் வழக்கம். ஏமாற்றுக்காரர் கையில் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். அவசரத் தேவைக்கு எடுக்க வேண்டுமானாலும் கோர்ட்டில் மனு போட்டு அனுமதி வாங்க வேண்டும்.

வீட்டுத் திட்டத்தில் என்ன எழுதியிருக்கு?

முன்பு இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் என்று இருந்தது, 2016-ல் பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா (கிராமின்) என்று மாறியது. யாருக்கு வீடு இல்லை என்பதற்கு இதில் எழுத்தில் பட்டியல் இருக்கு. 2024-ல் புதுக் கணக்கெடுப்புக்காக அந்தப் பட்டியலைத் தளர்த்தினார்கள். டூவீலர், ஃபிரிட்ஜ், தரைவழி டெலிபோன், மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்களுக்கு இருந்த தடையை எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவை பத்து:

1. மோட்டார் பொருத்திய மூணு சக்கர, நாலு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள்.
2. டிராக்டர் போன்ற மூணு, நாலு சக்கர விவசாய இயந்திரம் வைத்திருப்பவர்கள்.
3. 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரம்புள்ள கிசான் கிரெடிட் கார்டு உள்ளவர்கள்.
4. குடும்பத்தில் ஒருவர் அரசு ஊழியராக இருப்பவர்கள்.
5. அரசிடம் பதிவு செய்த, விவசாயம் அல்லாத தொழில் நடத்துபவர்கள்.
6. குடும்பத்தில் யாராவது ஒருவர் மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பவர்கள். (முன்பு இது 10,000.)
7. வருமான வரி கட்டுபவர்கள்.
8. தொழில் வரி கட்டுபவர்கள்.
9. பாசன வசதியுள்ள நிலம் 2½ ஏக்கரோ அதற்கு மேலோ உள்ளவர்கள்.
10. பாசனம் இல்லாத நிலம் 5 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ளவர்கள்.

இதற்கும் முன்னாடி முதல் சல்லடை ஒன்று இருக்கு. கெட்டிக் கூரையோ கெட்டிச் சுவரோ உள்ள வீட்டிலும், இரண்டு அறைக்கு மேல் உள்ள வீட்டிலும் வசிப்பவர்களை முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

இப்போது பட்டியலை இன்னொரு தடவை படியுங்க. பாஸ்புக்கில் இவ்வளவு பணம் இருந்தால் வீடு இல்லை என்று எங்கேயாவது இருக்கா? நஷ்டஈடு வாங்கினவருக்கு வீடு இல்லை என்று இருக்கா? இரண்டுமே இல்லை.

அப்படியானால் எங்கே மாட்டிக்கொள்கிறோம்?

பணம் இருப்பதால் மாட்டுவதில்லை. பணம் என்னவாக மாறுது என்பதில்தான் மாட்டுகிறோம். நம் பக்கம் அடிக்கடி நடப்பது மூணு.

முதலாவது, ஆட்டோ. கால் போனவர் சும்மா உட்கார வேண்டாம், பிள்ளை ஓட்டட்டும் என்று ஷேர் ஆட்டோவோ லோடு வண்டியோ வாங்குகிறோம். நல்ல யோசனைதான், பிழைப்புக்கு வழி. ஆனால் அது பட்டியலில் முதல் வரி. ஆட்டோவா, வீடா, எது முதலில் வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க. வண்டியை அண்ணன் பேரில் வாங்கி மறைத்துவிடலாம் என்று நினைக்காதீங்க. பிறகு வண்டியும் உங்களுடையது என்று சொல்ல முடியாது, மனுவில் பொய் சொன்ன குற்றமும் சேரும்.

இரண்டாவது, கூரை. பணம் வந்ததும் ஓலைக் கூரையைப் பிரித்துவிட்டு, பாதிச் சுவர் எழுப்பி, தளம் போட ஆரம்பித்துவிடுகிறோம். பாதியில் காசு தீர்ந்து போகுது. அப்புறம் திட்டத்தில் பேர் வந்து, ஆபீஸிலிருந்து போட்டோ எடுக்க வருகிறார்கள். கெட்டி வீடு நிற்குது, பேரை அடித்துவிடுகிறார்கள். உங்கள் பேர் கணக்கெடுப்பில் இருக்கிறதா என்று ஊராட்சி செயலரிடமும் ஓவர்சியரிடமும் கேட்காமல் பழைய வீட்டில் கை வைக்காதீங்க. வேலை உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்ட வேண்டும்.

மூணாவது, நிலம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கினால் ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே உள்ளதோடு சேர்ந்து 2½ ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம் ஆகிவிட்டால் தகுதி போய்விடும். பத்திரம் போடுவதற்கு முன் மொத்தக் கணக்கைப் பாருங்க.

வட்டி வந்தால் வருமானம் ஆகாதா?

இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். அசல் வருமானம் இல்லை, வட்டி வருமானம் என்று சொல்லலாம். அப்படியே எடுத்துக்கொண்டாலும் கணக்கைப் பாருங்க. 8 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் வருஷத்துக்கு 56,000. மாதம் 4,700 ரூபாய்கூட வராது. வட்டி மட்டுமே மாதம் 15,000-ஐத் தாண்ட வேண்டுமானால் 25 லட்சத்துக்கு மேல் டெபாசிட் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அப்படி வருது?

சம்பளமும் வாங்குகிறவராக இருந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்க. ஒருவர் மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்பதுதான் இங்கே கேள்வி. குடும்பத்தில் எல்லோருடைய கூலியையும் கூட்டிச் சொல்லி பயமுறுத்தினால் நம்பாதீங்க.

மற்ற வீட்டுத் திட்டங்கள்

மாநில அரசு 2024-ல் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. கிராமங்களில் குடிசையில் இருப்பவர்களுக்கு 3.50 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு என்பது அதன் கணக்கு. சொந்தப் பட்டா உள்ள இடமும், குடிசையில்தான் வசிக்கிறார் என்பதும் அங்கே முக்கியமாகப் பார்க்கப்பட்டன. அதனால் மேலே கூரையைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும்.

உத்திரமேரூர் பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குக் கிராமத் திட்டம் வராது, நகர்ப்புறத் திட்டம்தான். அதில் பத்து அம்சப் பட்டியல் இல்லை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கேயும் சொந்தமாகக் கெட்டி வீடு இருக்கக் கூடாது. ஆண்டு வருமானம் என்றால் வருஷா வருஷம் வருகிற கூலி, சம்பளம், வாடகை, வட்டி. ஒரே தடவை வந்த நஷ்டஈட்டை அதில் சேர்ப்பது சரியில்லை. வருமானச் சான்று கேட்கும்போது வி.ஏ.ஓ.விடம் கோர்ட் தீர்ப்பு நகலைக் காட்டி, இது இன்ன கேஸில் வந்த பணம் என்று விளக்கிச் சொல்லுங்க.

விபத்து, முன்னுரிமையும் தரும்

இதை நம்மில் பலரும் கவனிப்பதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 37-ஆம் பிரிவில், அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதத்தை 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லுது. அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. ஆகவே விபத்தில் கை கால் பாதிக்கப்பட்டவர்கள் கேஸுக்காக வாங்கின மருத்துவச் சான்றோடு நின்றுவிடாமல், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

கணவரை விபத்தில் பறிகொடுத்த வீடுகளும் கவனிக்க வேண்டும். பெண் தலைமையில், 16 முதல் 59 வயதுக்குள் ஆண் யாரும் இல்லாத குடும்பம் என்பது 2011 கணக்கெடுப்பிலேயே வறுமைக் குறியீடுகளில் ஒன்றாக வைக்கப்பட்டது. நஷ்டஈடு வந்ததால் அந்தக் குடும்பத்தில் ஆண் துணை திரும்பி வந்துவிடவில்லை.

கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்டவர்களையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேர் மீட்கப்பட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். மீட்கப்பட்டவர்களுக்கு மறுவாழ்வுத் தொகை ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம் என்று 2016-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. அந்தப் பணம் வந்துவிட்டது என்பதால் வீட்டை மறுக்கவில்லை. மாறாக, சட்டப்படி விடுவிக்கப்பட்ட கொத்தடிமைகளைப் பிரதமர் வீட்டுத் திட்டம் கட்டாயம் சேர்க்க வேண்டியவர்கள் வரிசையில் வைத்திருக்கு. இருளர் போன்ற தொல்குடியினரும் அதே வரிசையில் வருகிறார்கள். பட்ட கஷ்டத்துக்கு ஈடு கொடுப்பதும் குடியிருக்க வீடு கொடுப்பதும் வேறு வேறு என்பதை அரசாங்கமே ஒத்துக்கொண்ட மாதிரிதானே இது?

சில நாடுகளில் வங்கி இருப்பையும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 16,000 பவுனுக்கு மேல் சேமிப்பு இருந்தால் வீட்டு வாடகை உதவி பொதுவாகக் கிடையாது. ஆனால் காயத்துக்கு வந்த நஷ்டஈட்டை முதல் 52 வாரம் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அதற்குள் தனி அறக்கட்டளையில் போட்டுவிட்டால் அதன் பிறகும் எடுக்க மாட்டார்கள். பாஸ்புக்கைப் பார்க்கிற ஊரிலேயே அடிபட்டவர் பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். நம் திட்டத்தில் பாஸ்புக்கையே பார்க்கச் சொல்லவில்லை.

"உனக்கு வீடு இல்லை" என்று சொன்னால்

வாய்ப் பேச்சைக் கேட்டு அழுதுகொண்டு திரும்பி வராதீங்க. இப்படிச் செய்யுங்க:

முதலில், "பத்தில் எந்த அம்சத்தில் என் பேரைத் தள்ளினீங்க?" என்று கேளுங்க. பதிலை எழுத்தில் கேளுங்க.

கிராம சபையில் பேசுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் வைத்திருக்கிறார்கள். பயனாளிப் பட்டியலை அங்கே படிக்கச் சொல்லுங்க. தனியாகப் போகாமல் குழுவோடு போங்க.

அங்கேயும் நடக்கவில்லை என்றால் பி.டி.ஓ. ஆபீஸில் மனு கொடுத்து ரசீது வாங்குங்க. தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை: கோர்ட் தீர்ப்பு நகல், டெபாசிட் ரசீது, பட்டா, ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுத்திறனாளி அட்டை, இப்போது குடியிருக்கும் வீட்டின் போட்டோ.

இன்னும் கேஸ் போடாதவர்களுக்கு

வீடு போய்விடும் என்று பயந்து கேஸ் போடாமல் இருக்காதீங்க. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் சொல்லுது. விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கு.

வக்கீலுக்குக் காசு இல்லையே என்று கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்லுது. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து கேட்கலாம்.

வந்த பணத்தை வீட்டுக்குப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அரசு கொடுக்கும் தொகையில் மட்டும் வீடு முழுசாக முடிவதில்லை என்பது நமக்குத் தெரிந்த விஷயம். அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகத்தான் பில் வரும். நடுவில் காசு இல்லாமல் மீட்டர் வட்டிக்கு வாங்கி, வீடு முடிவதற்குள் கடன் மலையாகிப் போன குடும்பங்களை நாம் பார்க்கிறோம். நஷ்டஈட்டுப் பணம் கையில் இருப்பவர், வேலை உத்தரவு வந்த பிறகு அதில் ஒரு பகுதியை இந்த இடைவெளிக்குப் போட்டால் வட்டி மிச்சம். டெபாசிட் கோர்ட் பேரில் இருந்தால், வீடு கட்ட என்று மனு போட்டுக் கேட்கலாம். ஆனால் வைத்தியத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உள்ளதை ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் செய்யுங்க. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் இல்லையா?

நம் கூட்டமைப்பின் கடமை

கடைசியாக நம்மைப் பற்றியும் பேச வேண்டும். ஏழைகள் யார் என்று மக்கள் நிலை ஆய்வில் பட்டியல் போட்டபோது நாமும்தான் உட்கார்ந்து பேசினோம். அதனால் ஒரு குடும்பத்துக்கு நஷ்டஈடு வந்ததும், "இவங்க பேரை எடுத்துடலாம்" என்ற பேச்சு பல நேரம் ஆபீஸில் ஆரம்பிப்பதில்லை. நம் குழுக் கூட்டத்தில், நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வாயில்தான் ஆரம்பிக்குது.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்கெல்லாம் பெருமை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, பராந்தகச் சோழன் காலத்தில், குடவோலைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வயது, நிலம், வீடு, கணக்குக் காட்டினவரா இல்லையா என்பது வரை கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்லில் உள்ள விதி எல்லாம் இன்றைக்கு நாம் ஏற்கக் கூடியவை அல்ல. ஆனால் ஒன்று மட்டும் நம் காலத்துக்கும் பொருந்தும். தகுதி என்ன, தகுதி இல்லாதது என்ன என்பதை எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதி வைக்க வேண்டும். எழுதாத காரணத்துக்காக யாரையும் தள்ளக் கூடாது.

அதனால் ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் மேலே சொன்ன பத்து அம்சங்களையும் ஒரு சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதி, குழு கூடும் இடத்தில் ஒட்டி வையுங்க. அடுத்த கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்கும் புரியும்படி படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்க. உங்கள் ஊரில் நஷ்டஈட்டைக் காரணம் சொல்லி வீடு மறுக்கப்பட்ட குடும்பம் இருந்தால், பேரையும் மனுவின் நகலையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்க. வரும் கிராம சபைக்கு அவரோடு சேர்ந்து நாமும் போவோம்.